தண்ணீர் கட்டும் கணக்கு

சொட்டுநீருக்கு மானியம் வந்து வருடங்களாகிவிட்டன. ஆனாலும் தமிழ்நாட்டு வயல்களில் பெரும்பகுதிக்குத் தண்ணீர் இன்னும் தரையில் ஓடித்தான் போய்ச் சேர்கிறது. ஓடுகிற தண்ணீரை மண்ணுக்குத் தக்கபடி ஓட்டுகிறோமா?

வாய்க்கால் முனையில் மடையை வெட்டிவிட்டு வயலின் அந்தக் கோடியில் போய் நின்றால், தண்ணீர் வந்து சேர எவ்வளவு நேரமாகும்? ஒரு நிலத்தில் பாசனம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். செம்மண் காட்டில் வாய்மடைப் பயிர் தண்ணீரில் நிற்கும். கடைசிப் பாத்தி வறண்டு கிடக்கும். களிமண் வயலிலோ தண்ணீர் சடசடவென்று ஓடிப்போய்க் கடைக்கோடியில் தேங்கிவிடும். நடுவில் மண்வெட்டியால் கொத்திப் பார்த்தால் நாலு விரல் ஆழத்துக்குக் கீழே காய்ந்த கட்டிதான் வரும். இரண்டு இடத்திலும் ஒரே குதிரைத்திறன் மோட்டார்தான், ஓடியதும் அதே நேரம்தான்.

தண்ணீர் தரையில் ஓடும்போதே மண் அதைக் குடித்துக்கொண்டிருக்கிறது. மணல் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் குடிக்கும். மணல் கலந்த வண்டல் 20 முதல் 30 வரை, வண்டல் 10 முதல் 20 வரை, களி கலந்த வண்டல் 5 முதல் 10 வரை. சுத்தமான களிமண் மணிக்கு ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டாது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு பாசனப் பயிற்சிக் கையேடுகளில் தரும் கணக்கு இது. மணலுக்கும் களிக்கும் நடுவே குறைந்தது ஆறு மடங்கு, சில இடங்களில் முப்பது மடங்கு வித்தியாசம். இப்படிப்பட்ட இரண்டு நிலங்களுக்கு ஒரே அளவில் பாத்தி கட்டினால் ஏதாவது ஒன்று கெட்டுப்போகாமல் இருக்காது.

அதே கையேடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு, கால்பங்கு விதி. பார்களுக்கு நடுவே உள்ள சாலில் விடும் தண்ணீர் தேவையான ஆழத்துக்கு மண்ணில் இறங்க நான்கு மணி நேரம் ஆகுமென்றால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் அது சாலின் கடைசியைத் தொட்டாக வேண்டும். அப்போதுதான் தலைப்பும் கடைசியும் ஏறக்குறைய ஒரே அளவு நனையும். தொடவில்லையா, சால் நீளம் அதிகம். அல்லது விடுகிற தண்ணீர் குறைவு. அல்லது வாட்டம் சரியில்லை. இந்த மூன்றும் விவசாயியின் மண்வெட்டிக்கு எட்டுகிற விஷயங்கள். எப்போது மடையை அடைப்பது என்பது நான்காவது. மேற்பரப்புப் பாசனம் என்று பாடப்புத்தகம் சொல்வது முழுக்க இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

சொட்டுநீர்க் கருவிகளுக்குத் தமிழ்நாடு அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தருகிறது. தப்பில்லை. வயலுக்கு வந்து சேரும் தண்ணீரில் தரைவழிப் பாசனத்தில் 60 சதவீதம்தான் பயிரின் வேருக்குக் கிடைக்கிறது, தெளிப்புநீரில் 75, சொட்டுநீரில் 90 என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. ஆனால் அந்த 60 ஒரு சராசரி. நீளமான, மேடு பள்ளமான மணல் காட்டில் அது இன்னும் கீழே விழும். சமன் செய்த வயலில் அளவான பாத்தி கட்டினால் மேலே ஏறும். குழாய்க்குக் கொடுக்கும் கவனத்தில் கால்வாசியை மண்வெட்டிக்கும் பரம்புக்கும் கொடுத்திருந்தால் இந்தச் சராசரியே மாறியிருக்கும் என்பது என் எண்ணம். நெல்லுக்குச் சொட்டுநீர் எல்லோராலும் போட முடியாது. முறை வைத்து வரும் ஆற்றுத் தண்ணீரைச் சொட்டுநீருக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் அதைப் பிடித்துவைக்கத் தொட்டி வேண்டும், வண்டலை வடிகட்ட வேண்டும், மறுபடி இறைக்க மோட்டார் வேண்டும். காவிரி டெல்டாவில் ஒரு ஏக்கர் வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

டெல்டாவில் பாசனம் உழவிலேயே தொடங்கிவிடுகிறது. தண்ணீரைக் கட்டிச் சேற்றுழவு ஓட்டும்போது களிமண்ணின் கட்டுமானம் உடைந்து, நுண்ணிய துகள்கள் அடியில் படிந்து அடைப்பாகின்றன. அதற்குப் பிறகு நாள் முழுக்கத் தண்ணீர் நின்றாலும் கீழே இறங்குவது சில மில்லிமீட்டர்தான். அண்டை வெட்டி, வரப்புக்குச் சேறு பூசுவதும் இதற்காகத்தான். நண்டு வளை ஒன்று போதும், ராத்திரியோடு ராத்திரியாக வயல் வடிந்துவிடும். கடைசியாகப் பரம்படிப்பு. ஒரே வயலில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அரை சாண் ஏற்றத்தாழ்வு இருந்தால், மேட்டில் இருக்கும் நாற்று நனைய வேண்டும் என்பதற்காகப் பள்ளத்தில் இருக்கும் நாற்றை முழுக்காட்ட வேண்டிவரும். பரம்பு சரியாக ஓடாத வயலில் பருவம் முழுக்கத் தண்ணீர் அதிகமாகவே செலவாகும். லேசர் கருவி பொருத்திய டிராக்டர் இந்த வேலையைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் செய்துவிடுகிறது. பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் அது வெகுவாகப் பரவியது. நம்முடைய துண்டு துண்டான வயல்களில் அந்த வண்டி திரும்பவே இடம் போதாது.

ஒரு கிலோ நெல் விளைய சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வயலுக்குள் வருகிறது என்று பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இதில் பயிர் வழியாகவும் வயல் பரப்பிலிருந்தும் ஆவியாவது போக, மீதி வடிந்தும் கசிந்தும் போவது. வடிவதையும் கசிவதையும் குறைக்க அந்த நிறுவனம் பரப்பிவரும் முறைக்கு நம் விவசாயிகளிடம் ஏற்கெனவே பேர் இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். கட்டிய தண்ணீர் வற்றட்டும், பிறகு பாய்ச்சு.

எவ்வளவு காய விடலாம் என்பதில்தான் பலருக்குத் தயக்கம். அதற்கு ஒரு துண்டு பி.வி.சி. குழாய் போதும். ஒரு அடி நீளம், கைவிட்டு உள்ளிருக்கும் மண்ணை அள்ளுமளவு அகலம். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதியை வயலுக்குள் இறக்கி, உள்ளே ஏறிய மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தெரியும் தண்ணீர் மட்டம்தான் வயலுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் மட்டம். தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை கவலையில்லை. அந்த அளவுக்கு இறங்கியதும் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். மேலே வயல் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் வேர் இருக்கும் இடத்தில் ஈரம் இருக்கும். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் தண்ணீர் வற்றவே கூடாது. அப்போது காய்ந்தால் பதராகிவிடும். இந்த முறையில் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும். செம்மை நெல் சாகுபடியில் இன்னும் சிக்கனம்: 14 நாள் நாற்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளி, இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர். மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டதும் அடுத்த பாய்ச்சல்.

இவ்வளவு தெரிந்தும் டெல்டாவில் வயல் நிறையத் தண்ணீர் கட்டுகிறார்கள். ஊதாரித்தனம் என்று நகரத்திலிருந்து எழுதுவது சுலபம். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்குமா என்பதே ஒவ்வொரு வருடமும் கேள்வி. திறந்தாலும் முறைப்பாசனம், இன்ன ஆற்றுக்கு இத்தனை நாள் என்று மாற்றி மாற்றி விடுவார்கள். அடுத்த முறை சொன்ன நாளில் வரும் என்ற நம்பிக்கை இருப்பவர்தான் வயலைக் காயப்போடுவார். நம்பிக்கை இல்லாதவருக்கு அந்த நாலு அங்குலத் தண்ணீர்தான் சேமிப்பு. போதாக்குறைக்குப் பல இடங்களில் தனித்தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயல் நிறைந்து வழிந்தால்தான் கீழ் வயலுக்குப் போகும். மேல் வயல்காரர் தாளடிக்கு நாற்று விட்டிருப்பார், கீழே குறுவை பால்பிடிக்கும். ஒருவர் காயவைத்தால் இன்னொருவர் பயிர் வாடும். களைக்கு ஆள் கிடைக்காத காலத்தில் தேங்கிய தண்ணீர் களையையும் அடக்கிவைக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆக, காய்ச்சலும் பாய்ச்சலும் நடக்க வேண்டுமென்றால் முதலில் வாய்க்காலில் தண்ணீர் வருகிற நாள் நிச்சயமாக வேண்டும். குழாய் அதற்கு அப்புறம்தான்.

1934-இல் மேட்டூரோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயை ஊர்க்காரர்கள் இன்றும் புது ஆறு என்பார்கள். அது பாய்கிற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மண் வேறு. பழைய டெல்டாவின் கறுத்த வண்டல் அங்கே இல்லை. சிவந்த, மணல் கலந்த மண். காவிரித் தண்ணீர் ஒன்றே என்றாலும் கும்பகோணத்து வயலில் நின்றது இங்கே நிற்காது. இந்தப் பக்கம் தென்னையும் நிலக்கடலையும் பெருகியதற்கு மண்ணும் ஒரு காரணம்.

எண்பது விநாடிக்கு ஒரு மடை

கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனம் டெல்டாவுக்கு நேர் எதிர். இங்கே தண்ணீர் எப்போது வரும் என்பது மும்முனை மின்சாரத்தைப் பொறுத்தது. அது நள்ளிரவில் வந்தால் டார்ச் விளக்கும் மண்வெட்டியுமாகக் காட்டுக்குப் போயாக வேண்டும்.

நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். செம்மண்ணில் நிலக்கடலைக்குப் பத்து முதல் இருபது சதுர மீட்டர் பாத்தி என்பது சிபாரிசு. விநாடிக்கு 10 லிட்டர் தண்ணீர் கொட்டும் மோட்டார் என்று வைப்போம். இருபது சதுர மீட்டர் பாத்தியில் நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட 800 லிட்டர் வேண்டும். எண்பது விநாடியில் பாத்தி நிறைந்துவிடும். அதாவது ஒன்றரை நிமிடத்துக்குள் இந்த மடையை அடைத்து அடுத்த மடையை வெட்ட வேண்டும். ஏக்கருக்கு ஏறத்தாழ இருநூறு பாத்தி. நாலரை மணி நேரம், இருநூறு தடவை குனிந்து நிமிர்வது. "மடையை மாத்து!" என்று மேலிருந்து சத்தம் வருவதற்குள் மாற்றியிருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் வரப்பு உடைந்து இரண்டு பாத்தி ஒன்றாகிவிடும். கொங்குக் காடுகளில் சொட்டுநீர் வேகமாகப் பரவியதற்குத் தண்ணீர்ச் சிக்கனத்தைத்தான் காரணம் சொல்கிறார்கள். தண்ணீர் கட்ட ஆள் இல்லாததும் அதே அளவு காரணம் என்பேன்.

பாத்தியைப் பெரிதாக்கினால் ஆள் வேலை குறையுமே? குறையும், மண் சம்மதித்தால். விநாடிக்கு அதே 10 லிட்டர் வரத்துக்கு, மணலில் 65 சதுர மீட்டருக்கு மேல் பாத்தி போகக் கூடாது. மணல் கலந்த வண்டலில் 200 வரை போகலாம், களி கலந்த வண்டலில் 400, களிமண்ணில் 650. அதற்கு மேல் போனால் தண்ணீர் பரவுவதற்குள் தலைப்பிலேயே கீழே இறங்கிவிடும். இந்த அளவெல்லாம் நிலம் சமமாக இருந்தால்தான். சமமில்லாத காட்டில் சின்னப் பாத்தி ஒன்றே வழி. நம் முன்னோர் சின்னச் சின்னதாகக் கட்டியதன் காரணமும் அதுதான். பாத்திக்குள் மட்டம் இருந்தால் போதும், காடு முழுக்க மட்டமாக இருக்க வேண்டியதில்லை.

தண்ணீர் வரத்து பாதியானால் பாத்தியும் பாதியாக வேண்டும் என்பதும் இதே கணக்கிலிருந்து வருவதுதான். கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போய், மோட்டார் கால்வாசித் தண்ணீரைத்தான் தள்ளுகிறது. ஆனால் பாத்தி கார்த்திகையில் கட்டிய அதே அளவில் இருக்கிறது. தண்ணீர் ஊர்ந்து ஊர்ந்து போய் முதல் பாத்தியிலேயே முடங்கும். "தண்ணி பத்தலை" என்று இன்னொரு போர் போடுகிறார்கள். ஆயிரம் அடி தாண்டிய போர்கள் கொங்கில் இன்று செய்தியே இல்லை. விவசாய மின்சாரம் 1990 முதல் இலவசம் என்பதால் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினாலும் பில்லில் தெரியாது, நிலத்தடி நீர்மட்டத்தில்தான் தெரியும்.

கிணற்றிலிருந்து பாத்திக்கு வருகிற வழியிலும் இழப்பு உண்டு. இருநூறு மீட்டருக்குள் இருக்கும் மண் வாய்க்காலிலேயே மணல் தரையென்றால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். களித்தரையென்றால் பத்தில் ஒரு பங்கு. நீளம் கூடக் கூட இதுவும் கூடும். மணல் காட்டுக்காரர் முதலில் செலவழிக்க வேண்டியது வாய்க்காலுக்குப் பதில் பூமிக்கடியில் ஒரு பி.வி.சி. குழாய் போடுவதற்கு.

ஆனால் கசிவை இழப்பு என்று சொல்வதிலும் ஒரு தகராறு இருக்கிறது. பவானிசாகரிலிருந்து ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் இருநூறு கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நஞ்சைக்கு. மறு பாதிக்கு அதன்பின் புஞ்சைக்கு, நனைப்பு நனைப்பாக விட்டு விட்டுத் தண்ணீர். அடுத்த ஆண்டு மாற்றி. மண் வாய்க்காலாக இருந்த இதற்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது ஆயக்கட்டு விவசாயிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். கடைமடைக்காரருக்கு, கசிந்து வீணாகும் தண்ணீர் தன் வயலுக்கு வரவேண்டியது. வாய்க்காலுக்குக் கீழே கிணறு வைத்திருப்பவருக்கோ, அந்தக் கசிவுதான் கிணற்றின் ஊற்று. ஓடைகளில் கசிவுநீரை நம்பியே சிறு பாசனங்கள் நடக்கின்றன. இருவர் சொல்வதும் உண்மை. வாய்க்காலின் திறமையைக் கணக்கிடுகிற பொறியாளர், கிணறுகளையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் சண்டை இந்த அளவுக்குப் போயிருக்காது.

கரிசலில் சால்

கரிசல் மண் பாசனக்காரரை ஏமாற்றும். காய்ந்தால் வெடித்துப் பிளக்கும், கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு. அந்த நேரத்தில் மடையைத் திறந்தால் தண்ணீர் வெடிப்புகளுக்குள் போய் மறைந்துவிடும். முதல் சில நிமிடம் மணல்காடு போலவே நடந்துகொள்ளும். பிறகு களி உப்பி வெடிப்புகள் மூடிக்கொண்டதும் ஒரு சொட்டுகூட உள்ளே வாங்காது. மேலே தேங்கி நிற்கும், வேர் மூச்சுத் திணறும். கரிசலில் பெரிய வெடிப்பு விடுவதற்கு முன்பே தண்ணீர் காட்டுவதும், தேங்கவிடாமல் வடிப்பதும் முக்கியம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பெரும்பாலும் மானாவாரி. அங்கே இந்தப் பிரச்சினை மழையோடு முடிந்துவிடுகிறது. நான்கு மண்டலமாக முறை வைத்துத் தண்ணீர் வரும் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனப் பகுதியில், கறுப்பு மண்ணில் பருத்தியோ மக்காச்சோளமோ போடுகிறவர்களுக்கு இது ஒவ்வொரு சுற்றிலும் வரும் சிக்கல்.

இதற்குப் பாத்தியைவிடப் பார் சால் முறை பொருந்தும். செடி பாரின் மேல் நிற்கும், தண்ணீர் சாலில் ஓடும், பக்கவாட்டில் ஊறி வேருக்குப் போகும். தண்டு தண்ணீரில் நிற்காது. சால் எவ்வளவு நீளம் இருக்கலாம்? மட்டமான நிலத்தில், சாலுக்கு விநாடிக்கு மூன்று லிட்டர் விட்டு ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் கொடுக்க வேண்டுமென்றால், களிமண்ணில் 100 மீட்டர், வண்டலில் 60, மணலில் 30. செம்மண் சரளைக் காட்டில் நூறு மீட்டர் சால் ஓட்டி டிராக்டர்காரர் திருப்பும் நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்; அந்த மிச்சம் கடைசி அறுபது மீட்டர் பயிரின் வாட்டமாகத் திரும்பி வருகிறது.

களிமண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் நன்றாகப் பரவும் என்பதால் இன்னொரு சிக்கனமும் செய்யலாம்: ஒரு சால் விட்டு ஒரு சால். இந்த முறை ஒற்றைப்படைச் சால்கள், அடுத்த முறை இரட்டைப்படை. ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்கம் எப்போதும் ஈரம் இருக்கும். மணலில் இதைச் செய்யக் கூடாது. அங்கே தண்ணீர் நேராகக் கீழே போகும், பக்கத்து வரிசைக்கு எட்டாது.

நீண்ட சாலைச் சின்னதாக வெட்ட முடியாதவர்களுக்கு ஒரு வித்தை உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1979-இல் இதை ஆராய்ந்தார்கள். தண்ணீரை ஒரே மூச்சில் விடாமல் கொஞ்சம் விட்டு, நிறுத்தி, மறுபடி விட்டால் அது வேகமாகக் கடைசிக்குப் போய்ச் சேர்கிறது. முதல் அலையில் நனைந்த மண்ணின் மேற்பரப்பு, தண்ணீர் நின்ற இடைவெளியில் படிந்து இறுகிவிடுவதால் இரண்டாவது அலையைக் குறைவாகவே குடிக்கும். அங்கே இதற்குத் தானியங்கி வால்வு வைத்தார்கள். இங்கே இரண்டு தொகுதிச் சால்களுக்கு மாற்றி மாற்றி மடை திருப்பினாலே போதும்.

கரும்பில் ஒரே பருவத்தில் முறை மாறுவதைப் பார்க்கலாம். கரணையைச் சாலுக்குள் பதித்துத் தண்ணீரையும் அதே சாலில் விடுவார்கள். பயிர் வளர்ந்ததும் இரண்டு பக்கத்துப் பாரையும் வெட்டி மண் அணைப்பார்கள். சால் இருந்த இடம் பாராகிவிடும், பார் இருந்த இடத்தில் புதுச் சால். முன்பு தண்ணீருக்குள் இருந்த பயிர் இப்போது மேட்டில் நிற்கிறது, காற்றுக்கும் சாயாது.

நீளமான பட்டைகளாகக் கரை கட்டிப் பாய்ச்சும் முறை தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. வடக்கே கோதுமையில் உண்டு, இங்கே தீவனப் பயிருக்குச் சிலர் செய்கிறார்கள். ஆனால் அதில் ஒரு பாடம் எல்லோருக்கும் உதவும். களிமண் பட்டையில் தண்ணீர் 60 சதவீதத் தூரம் போனதுமே மடையை அடைத்துவிடலாம். மீதித் தூரத்தை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். வண்டலில் 70 முதல் 80 சதவீதம். மணலில் கிட்டத்தட்டக் கடைசிவரை போகும்வரை அடைக்கக் கூடாது.

தென்னந்தோப்பில் வாய்க்கால் ஓட்டாதீர்கள்

ஒரு மரத்தின் வட்டப்பாத்தியிலிருந்து அடுத்த மரத்தின் வட்டப்பாத்திக்கு என்று ஒரே வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது பல தோப்புகளில் வழக்கம். வேலை சுலபம். ஆனால் 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்டு அந்தப் பேரையே பெற்ற தஞ்சாவூர் வாடல் நோய்க்கு இதைவிட நல்ல பாதை கிடையாது. அடித்தண்டில் சாறு வடிந்து மரத்தைக் கொல்லும் இந்தப் பூஞ்சை மண்ணில் வாழ்வது. நோய் கண்ட மரத்தின் பாத்தியில் நுழைந்த தண்ணீர் அடுத்த பாத்திக்குள் போனால் நோயையும் கொண்டுபோகும். மரத்திலிருந்து 1.8 மீட்டர் ஆரத்தில் தனித்தனி வட்டப்பாத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே வாய்க்கால், அதிலிருந்து ஒவ்வொரு பாத்திக்கும் தனி மடை என்று அமைத்தால் ஒரு பாத்தித் தண்ணீர் இன்னொன்றைத் தொடாது. மணற்பாங்கான நிலமானால், மடல்களையும் மட்டைகளையும் பாத்தியில் பரப்புவது ஈரத்தைப் பிடித்துவைக்கும். சொட்டுநீர் போட நன்றாகப் பொருந்தும் பயிர்களில் தென்னை ஒன்று என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தோப்புக்காரர்கள் அதற்கு மாறுவது சரியே.

யார் கையில் மடை?

ராமநாதபுரம், சிவகங்கை, மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டியின் பொறுப்பாக இருந்தது. யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதை அவர் முடிவு செய்வார். கண்மாய் நிறைந்த ஆண்டில் அந்த வேலைக்கு மதிப்பில்லை. அரைக் கண்மாய்த் தண்ணீரில் அறுவடைவரை தாக்குப்பிடிக்க வேண்டிய ஆண்டில் ஊரே அவர் சொல்லுக்குக் கட்டுப்படும். கூலி, அறுவடையில் நெல்லாகக் கிடைக்கும். எந்த வயல் மேடு, எது சீக்கிரம் குடிக்கும், எது இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று நடந்து நடந்து தெரிந்துவைத்திருப்பார். இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியினர். கூலியும் குறைந்தது, அடுத்த தலைமுறை படித்து வெளியேறியது. அவர்கள் போனதில் வியப்பில்லை. போனபின் மடையில் காவல் இல்லை; முதல் வயல்காரர் முதலில், வலுத்தவர் அதிகம் என்றாகிவிட்ட கண்மாய்கள் பல.

நீர்ப்பாசனச் சங்கங்களின் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடக்கிறது. வயல் வயலாக நடக்கும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிற சங்கம் எத்தனை? கண்மாயைத் தூர்வார ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை மடை பார்க்கும் ஆளுக்கு மாதச் சம்பளமாக ஒதுக்கினால் கொள்ளளவு கூடாமலேயே விளைச்சல் பரப்பு கூடும்.

கம்பி குத்திப் பாருங்கள்

வயலில் உடனே செய்து பார்க்கக்கூடியது ஒன்று. இடுப்புயரத்தில் மழமழப்பான ஒரு இரும்புக் கம்பி, முனை மழுங்கியது, மேலே பிடிக்க ஒரு குறுக்குக் கைப்பிடி. தண்ணீர் கட்டிய மறுநாள், கல் இல்லாத மண்ணாக இருந்தால், வாய்மடையிலும் நடுவிலும் கடைசியிலும் அதைக் குத்திப் பார்க்கலாம். ஈரம் இருக்கும்வரை கம்பி சுலபமாக இறங்கும். காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். நின்ற இடத்தில் விரலால் அடையாளம் வைத்து அளந்தால் தண்ணீர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியும். தலைப்பில் முழங்கால் ஆழமும் கடைசியில் ஒரு சாணும் என்றால் பாத்தியை இரண்டாக வெட்ட வேண்டும், அல்லது இரண்டு மடையில் பிரித்துவிட்ட தண்ணீரை ஒன்றாக்கி ஒரே மடையில் விட வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே ஆழம், ஆனால் வேருக்குக் கீழே போயிருக்கிறது என்றால் மடையை இன்னும் சீக்கிரம் அடைக்கலாம். வெங்காயத்துக்கு இரண்டு அடிக்குக் கீழே போன தண்ணீரால் பயனில்லை, அதோடு போட்ட யூரியாவும் போய்விடும். பருத்தி நாலு அடிவரை தேடிப்போகும். இரண்டு மூன்று தண்ணீருக்குக் கம்பி குத்திப் பார்த்துவிட்டால் அந்தக் காட்டுக்கு எத்தனை நிமிடம், எந்த அளவுப் பாத்தி என்பது கைக்கு வந்துவிடும். அடுத்த போகத்துக்கு வரப்பு கட்டும்போதே அதன்படி கட்டிக்கொள்ளலாம்.